அக்காவின் இடது கை

என் அக்காவின் இடது மணிக்கட்டுக்குச் சற்று மேலே விரலை வைத்தால் உர்ரென்று ஓர் அதிர்வு ஓடும். டயாலிசிஸ் செய்வதற்காக அந்த இடத்தில் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். தமனியின் வேகமான இரத்தம் நேராகச் சிரைக்குள் பாய்வதால் வரும் அதிர்வு அது. டாக்டர்கள் அதற்கு ஏதோ ஒரு பெயர் சொன்னார்கள். அக்கா அதற்கு வண்டு என்று பெயர் வைத்தாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஈப்போவில் அக்கா வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறேன். அப்போதெல்லாம் காலையில் கீழே இறங்கி வந்ததும் என் முதல் வேலை அவள் கையைத் தொட்டுப் பார்ப்பது. "வண்டு ஓடுதா பாப்பா?" என்பாள். "ஓடுதுக்கா" என்பேன். அதற்குப் பிறகுதான் எனக்குக் கோப்பி கிடைக்கும்.

அந்தத் தையலின் பெயர் அனஸ்டமோசிஸ். ஆறாம் படிவத்தில், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பில், பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுத்தே தொண்டை கிழிந்தவள் நான். வருடா வருடம் அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். தனித்தனியாக ஓடுகிற இரண்டு குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று திறந்துகொள்வதுதான் அது. கிரேக்கச் சொல், அதற்குள் 'வாய்' என்ற பொருள் இருக்கிறது. இலையின் நரம்புகள் வலையாகப் பின்னிக்கொள்வதற்கும் அதே சொல், காளானின் இழைகள் மண்ணுக்கடியில் போய் ஒட்டிக்கொள்வதற்கும் அதே சொல். பிரிந்துபோன ஆறு மறுபடி வந்து சேர்ந்தால் அதற்கும் இதையே சொல்கிறார்கள். குடலை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனைகளைச் சேர்த்துத் தைக்கிற டாக்டருக்கும் வேறு சொல் கிடையாது. பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். பரீட்சையில் வரும் என்று சொன்னால்தான் பேனாவைத் திறப்பார்கள்.

அவர்களுக்கு நான் சொன்ன உதாரணங்களில் ஒன்று பால்மரம். ரப்பர் மரப்பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் பக்கவாட்டில் ஒன்றோடொன்று திறந்துகிடக்கின்றன. அதனால்தான் ஓர் இடத்தில் கீறினால் சுற்றுப்பட்டையில் இருக்கிற பாலெல்லாம் அங்கே வந்து சொட்டுகிறது. இன்னோர் உதாரணம் உள்ளங்கை. முன்கையிலிருந்து வருகிற இரண்டு தமனிகள் உள்ளங்கையில் வளைந்து சேர்கின்றன. ஒன்று அடைபட்டாலும் மற்றது விரல்களைக் காப்பாற்றிவிடும். "மாற்று வழி" என்று பலகையில் பெரிதாக எழுதி அடிக்கோடு போடுவேன். அப்போது எனக்கு அந்தப் பாடம் ரொம்பப் பிடிக்கும். உடம்பு நம்மைக் கைவிடாது என்று சொல்கிற பாடம் அல்லவா! எவ்வளவு பெரிய புளுகு.

ஏனென்றால் அதே பாடத்தில் கடைசியில் ஒரு வரி இருந்தது. சில தமனிகளுக்கு இந்த வசதி கிடையாது. சிறுநீரகத்துக்குள் போகிற தமனிகள் அப்படிப்பட்டவை. அடைத்தால் அடைத்ததுதான், அந்தப் பகுதி செத்ததுதான். நேரம் போதாமல் அந்த வரியைப் பல வருடங்கள் நான் நடத்தியதே இல்லை.

அக்காவின் சிறுநீரகங்களைச் சர்க்கரை நோய் தின்று தீர்த்தது. முதலில் வயிற்று வழியாகச் செய்கிற டயாலிசிஸ் கொடுத்தார்கள். கிருமி புகுந்து அவள் சாகப் பிழைக்கக் கிடந்ததோடு அது முடிந்தது. என் சிறுநீரகத்தில் ஒன்றைத் தருகிறேன் என்று போனேன். எனக்கும் சர்க்கரை இருக்கிறதாம், வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரே வயிற்றில் பிறந்தோம், ஒரே சட்டியில் சாப்பிட்டோம், வேறு எப்படி இருக்கும்! கடைசியில் கை அறுவை சிகிச்சைக்கு வந்து நின்றோம்.

டாக்டர் ஓர் இளம்பெண். அக்காவின் மணிக்கட்டில் இரண்டு தமனிகளையும் கட்டைவிரல்களால் அழுத்திப் பிடித்தாள். உள்ளங்கை வெளுத்தது. ஒன்றை மட்டும் விட்டாள், சிவந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. நான் பலகையில் வரைந்த அந்த வளைவு அக்காவின் கைக்குள் நன்றாக இருக்கிறதா என்று பார்த்திருக்கிறாள். பிறகு ஒரு தாளில் இரண்டு கோடுகள் போட்டு, நடுவில் சேர்த்து, அனஸ்டமோசிஸ் என்றாள். அக்கா என்னைப் பார்த்தாள். "என்னடி சொல்றாங்க?"

"ரெண்டு குழாயைச் சேர்த்துத் தைக்கப் போறாங்கக்கா. பால்மரத்துக்குள்ள இருக்கிற மாதிரி. ஊசி போட்டா நிறைய ரத்தம் வரும்."

அக்கா சின்ன வயதில் எங்கள் அம்மாவோடு மரம் வெட்டப் போனவள், நெரை நெரையாக நிற்கும் ரப்பர் மரங்களில் பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. சிரித்தாள். "அப்ப என்னையும் நெரையில நிறுத்தி வெட்டப் போறீங்க. வெட்டிக்கிட்டே இருந்தா மரம் காஞ்சு போயிடும்லா, தெரியுமா?"

"வாயைக் கழுவுக்கா" என்றேன்.

தையல் ஆறி, சிரை தடித்து, வண்டு ஓடத் தொடங்கியது. திங்கள், புதன், வெள்ளி என்று டயாலிசிஸ் நிலையத்துக்குப் போய்வந்தாள். அங்கிருந்த மிஸ்ஸி, அதுதான் நர்ஸ், முதல் நாளே சட்டம் போட்டுவிட்டாள். அந்தக் கையில் வளையல் கூடாது, கடிகாரம் கூடாது, கனம் தூக்கக் கூடாது, அந்தப் பக்கம் சாய்ந்து படுக்கக் கூடாது. ஏதாவது இறுக்கினாலோ உடம்பில் நீர் வற்றினாலோ இரத்தம் உறைந்து வண்டு நின்றுவிடும். நின்றால் உடனே வர வேண்டும், சில மணி நேரத்தில் வந்தால் கட்டியை எடுத்துப் பார்க்கலாம் என்றாள். அக்கா வளையல்களைக் கழற்றினாள். சுமங்கலி ஒத்தைக் கையில் வளையலோடு நடப்பதைப் பற்றிப் பக்கத்து வீட்டில் என்ன சொன்னார்கள் என்பதையெல்லாம் எழுதினால் எனக்கு இன்னும் வாய் நாறும். போகட்டும்.

நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டம் ஆயர் தாவார் பக்கத்தில் இருந்தது. இப்போது அங்கே எண்ணெய் எடுக்கிற செம்பனைதான். தொழிலாளர்கள் இருந்த லயன் வீடுகளை எப்போதோ இடித்துவிட்டார்கள். ஆனால் மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. வருடத்துக்கு ஒருமுறை சிதறிப்போன ஜனங்களெல்லாம் கார் எடுத்துக்கொண்டு வந்து திருவிழா நடத்துவார்கள். எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் காப்புக் கட்டி, ஞாயிற்றுக்கிழமை பால்குடம் எடுத்து, மத்தியானம் காப்பை அவிழ்த்துவிடுவது என்று சுருக்கிக்கொண்டார்கள். ஒன்றை மட்டும் சுருக்கவில்லை. காப்புக் கட்டியவர்கள் அவிழ்க்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. தோட்டமே இல்லாத இடத்துக்கு எல்லை எது என்று கேட்டால், ரோட்டுக்குப் போகிற வழியில் இருக்கும் இரும்புப் பாலத்தைக் காட்டுவார்கள்.

உடம்பு தேறினால் பால்குடம் எடுக்கிறேன் என்று அக்கா வேண்டியிருந்தாள். தேறவில்லை. ஆனாலும் வண்டு ஓடுகிறதே, அது ஆத்தா கொடுத்ததுதானே என்றாள். மிஸ்ஸியைக் கேட்டேன். வெயிலில் பட்டினி கிடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். பட்டினி இல்லாமல் பால்குடமா! அக்காவின் கணவர், என் மாமா, சாந்தமான மனிதர். "ஆசைப்படறா பாப்பா, விடு" என்றார். வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிந்ததும் மூவரும் கிளம்பினோம்.

பூசாரி மஞ்சள் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தபோதுதான் எனக்குத் தலையில் அடித்த மாதிரி நினைவு வந்தது. பெண்களுக்கு இடது கையில்தான் காப்பு. முன்னால் பாய்ந்து அக்காவின் கையை மறைத்துக்கொண்டேன்.

"அண்ணே, இந்தக் கையில கட்டாதீங்க. வலது கையில கட்டுங்க."

"வலது கை ஆம்பளைங்களுக்கும்மா. நானா வச்ச சட்டமா இது?"

"இந்தக் கையில கயிறு இறுக்கினா இவளுக்கு ரத்தம் சுத்தம் பண்ண வழி இல்ல. செத்துப்போவா. ஆத்தாவுக்கு அதுதான் வேணுமா?"

வரிசையில் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். சாமி சன்னிதியில் பேசுகிற பேச்சா இது என்று ஒருத்தி முணுமுணுத்தாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அவளையும் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். பூசாரி கடைசியில் அம்மனைப் பார்த்துக் கும்பிட்டு ஏதோ சொல்லிவிட்டு, அக்காவின் வலது கையில் கட்டினார். அக்காவின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. மன்னிப்புக் கேட்கிறாள் என்று தெரிந்தது. நான் ஜெயித்துவிட்ட திமிரில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் சனிக்கிழமை நெருப்பாய் வெயில். அக்கா காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. தண்ணீர் அவளுக்கு எப்போதும் அளவுதான், அன்றைக்கு அந்த அளவும் இல்லை. மத்தியானம் கோயில் மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைத் தொட்டேன். ஒன்றும் இல்லை. விரலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திப் பார்த்தேன். குனிந்து காதை வைத்தேன். என் நெஞ்சு அடிப்பதுதான் எனக்குக் கேட்டது.

"அக்கா, எந்திரி. வண்டு நின்னுபோச்சு. கெளம்பு. மாமா, கார் சாவி எங்க?"

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். தானே கையைத் தொட்டுப் பார்த்தாள். முகம் ஒரு மாதிரி ஆனது. ஆனால் எழவில்லை.

"எங்க கெளம்பறது? காப்புக் கட்டியிருக்கேன்லா."

"கட்டினா என்ன? ஆஸ்பத்திரிக்குப் போன் போடறேன், உடனே வரச் சொல்லுவாங்க. இப்ப போனா கட்டிய எடுக்கலாம்க்கா, நேரமாச்சுன்னா அவ்ளோதான்."

"பாலம் தாண்டக் கூடாது பாப்பா."

"எந்தப் பாலம்! தோட்டத்த வித்துத் தின்னுட்டுப் போயிட்டானுங்க, நீ இன்னும் எல்லையப் புடிச்சுக்கிட்டுத் தொங்கற!"

மண்டபத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா குரலை உயர்த்தவே இல்லை.

"ஒன் பேச்சைக் கேட்டுத்தானே ஆம்பளக் கையில கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். அது ஒரு தப்பு. இப்ப எல்லையும் தாண்டணுமா? ஒரே திருவிழாவுல எத்தன தப்புடி நான் செய்யறது?"

வலது கையில் கட்ட வைத்தவள் நான்தான். அது சரியான காரியம், இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் செய்வேன். ஆனால் அந்த ஒரு தடவை எனக்கு விட்டுக்கொடுத்ததால்தான் இந்த இரண்டாவது தடவை அவளால் விட்டுக்கொடுக்க முடியவில்லை. மாமாவைப் பார்த்தேன். கார் சாவி அவர் கைக்குள்தான் இருந்தது. "நீங்களாவது சொல்லுங்க மாமா." அவர் அக்காவைப் பார்த்தார், சன்னிதியைப் பார்த்தார், தலை குனிந்துகொண்டார். அவருக்கும் பயம். பூசாரியிடம் ஓடினேன். நல்ல மனிதர், கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு வந்தார். "தாயி, ஆபத்துக்குப் பாவமில்ல. அவுத்து விடட்டுமா? நீ ஒரு வார்த்த சொல்லு" என்றார். அக்கா வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் போனை எடுத்தவர்கள் உடனே கூட்டி வாருங்கள் என்றார்கள். வருகிறோம் என்று சொல்லிவிட்டு வைத்தேன். வேறு என்ன சொல்ல? நோயாளி ஒரு பாலத்துக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு வர மாட்டேன் என்கிறாள் என்றா? பொழுது சாயும்வரை அவளைத் திட்டினேன், கெஞ்சினேன், காலில்கூட விழுந்தேன். அவள் என் தலையைத் தடவிக்கொடுத்து, "ஆத்தா பாத்துக்குவா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பால்குடம் எடுத்தாள். வலது கையால் குடத்தைப் பிடித்துக்கொண்டு, இடது கையைத் தொங்கவிட்டபடி நடந்தாள். அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் முகத்தில் அவள் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை. பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. காப்பை அவிழ்த்ததும் மாமா காரை எடுத்தார். பாலம் தாண்டும்போது அக்கா கைகூப்பிக் கும்பிட்டாள்.

கட்டி இறுகிவிட்டது என்றார்கள். குழாய் விட்டுப் பார்த்தார்கள், திறந்து பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. அதே இளம் டாக்டரிடம், நேற்றே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று கேட்டேன். முடிந்திருக்கலாம், முடியாமலும் போயிருக்கலாம் என்றாள். சமத்தான பதில். அதை வைத்துக்கொண்டு யாரையும் குற்றம் சொல்ல முடியாது, யாரையும் மன்னிக்கவும் முடியாது.

அப்புறம் நடந்ததெல்லாம் இறங்குமுகம்தான். வலது கையில் தைத்தார்கள். அந்தச் சிரை பிறவியிலேயே மெல்லியது, தடிக்கவே இல்லை, வண்டு பிறக்காமலே போனது. கழுத்தில் குழாய் வைத்தார்கள், கிருமி வந்தது. மறுபக்கக் கழுத்தில் வைத்தார்கள். அது நெஞ்சுக்குள் இருக்கிற பெரிய சிரையைச் சுருக்கிவிட்டது. அதற்குப் பிறகு அக்காவின் தோளிலும் மார்பிலும் நீலநீலமாகச் சின்னச் சிரைகள் புடைத்துக்கொண்டு வந்தன. குளித்துவிட்டு வந்தவள் கண்ணாடி முன் நின்று, "இது என்னடி, செடி மொளைக்குது என் மேல?" என்று காட்டினாள்.

அது அனஸ்டமோசிஸ். பெரிய வழி அடைத்ததும் இரத்தம் பக்கத்துச் சின்னச் சின்ன வழிகளுக்குள் புகுந்து அவற்றைத் திறந்துகொண்டு போகிறது. நான் பலகையில் எழுதி அடிக்கோடு போட்ட அதே மாற்று வழி. என் ஆசிரியர் வாழ்க்கையில் இவ்வளவு தெளிவாக அதை நான் பார்த்ததே இல்லை. மருந்துக்குக்கூடப் பயன் கிடையாது. அத்தனையும் பொடி வழிகள், ஒன்றில்கூட டயாலிசிஸ் ஊசி நுழையாது. உடம்பு தன்னால் ஆனதைச் செய்கிறது, அது போதவில்லை. இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் எழுத மாட்டார்கள்.

அக்காவிடம், "நல்லதுதான்க்கா, ரத்தம் வேற வழி கண்டுபிடிச்சிருச்சு" என்றேன்.

"அப்ப சரியாயிடுமா?"

"ம்" என்றேன். கருமம், வேறு என்ன சொல்ல முடியும்?

அந்த நாட்களில்தான் ஒரு நாள் காலையில் கோப்பி ஊற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். "அந்தக் கையிலேயே கட்டியிருந்தா ஆத்தா அதக் காப்பாத்தியிருப்பா பாப்பா. நாமதான் மாத்திட்டோம்." நாம் என்றுதான் சொன்னாள், நீ என்று சொல்லவில்லை. அவளுக்கு என் மேல் கோபம் இல்லை. எனக்கு அவள் மேல் இருந்தது, இன்னும் இருக்கிறது. அவள் கணக்கில் வண்டைக் கொன்றது நான். என் கணக்கில் அவள். மாமா யார் பக்கம் என்று நாங்கள் கேட்டதில்லை. மூன்று பேரும் அதே மேசையில் உட்கார்ந்து அதே கோப்பியைத்தான் குடிக்கிறோம்.

இப்போது குழாய் தொடையில் இருக்கிறது. இதுதான் கடைசி இடம், இது கெட்டால் வேறு இடம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாள். அக்காவின் முன்னாலேயே அதைச் சொன்னாள், நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. வெளியே வந்ததும் அக்கா கேட்டது ஒன்றுதான். "திருவிழா எப்போ வருது?"

இந்த வருடமும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனோம். நடக்க முடியாததால் அக்காவுக்குச் சன்னிதி முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். பால்குடத்தை அவளுக்காக நான் எடுப்பதாகப் பேச்சு. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அவள் கேட்டாள், மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. பூசாரி மஞ்சள் கயிறோடு வந்தார். அக்காவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். போன தடவை நான் போட்ட சண்டை அவருக்கு மறக்கவில்லை. எந்தக் கையில் கட்டுவது என்று கண்ணாலேயே கேட்டார்.

அக்கா இடது கையை நீட்டினாள்.

"இதுலயே கட்டுங்கண்ணே. நல்லா இறுக்கிக் கட்டுங்க. இப்ப இவ ஒண்ணும் சொல்ல மாட்டா."

அவர் பழைய அறுவைத் தழும்பின் மேலேயே கயிற்றைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டார். கயிற்றில் கோத்திருந்த மஞ்சள் கிழங்கு தோலில் அழுந்தியது. அவர் நகர்ந்ததும், பழக்கதோஷம், என் விரல் தானாகப் போய்க் கயிற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. அக்கா என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னடி தேடற?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணும் இல்லதான்" என்று சிரித்தாள். பிறகு கையைத் திருப்பித் திருப்பிக் காப்பைப் பார்த்தாள். "இப்பத்தான் பாப்பா சரியான கையில இருக்கு."